தாடைக்குக் கீழே ஒரு கேள்வி

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தெட்டு வருடம் அனஸ்தீசியா டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். மயக்கம் கொடுப்பது டாக்டர். அதற்கு வேண்டிய டியூப், மருந்து, மெஷின் எல்லாவற்றையும் தயாராக வைப்பது என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஒல்லியான மனிதர்

இரட்டைத் தாடை என்றால் அதிகச் சாப்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சேர்ந்த முதல் மாதம், குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தார். நடவு வயலில் நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு, சுமக்கிறவர். உடம்பில் சதையே இல்லை, ஆனால் தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு. மூச்சுக்குழாயில் டியூப் போட, எங்கள் மயக்க மருந்து நிபுணர் மல்லிகா டாக்டருக்கு மூன்று முயற்சி ஆயிற்று.

வெளியே வந்ததும் சொன்னார்: "இவருக்குக் கொழுப்பு இல்லம்மா. கீழ்த்தாடை எலும்பு சின்னது, பின்னாடி தள்ளி இருக்கு. அதான் தோல் மடிஞ்சு தொங்குது, டியூப் போடவும் கஷ்டம். சிலருக்கு எடை கூடி வரும், சிலருக்கு வயசாகித் தோல் தளர்ந்து வரும், சிலருக்குப் பரம்பரை. பார்த்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும். நமக்குக் காரணம் வேணும்."

அதிலிருந்து மேஜைக்கு வரும் ஒவ்வொருவரின் கழுத்தையும் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

2. வளைகாப்பு போட்டோ

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு முற்பகலில் அவசர சிசேரியன் என்று லேபர் வார்டிலிருந்து போன் வந்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண், பெயர் கவிதா, முதல் பிரசவம். பிரஷர் மிக அதிகம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்ததால் முதுகில் ஊசி போட முடியாது, முழு மயக்கம்தான். மல்லிகா டாக்டர் பக்கத்துத் தியேட்டரில் ஒரு கேஸை முடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்தது. கவிதாவுக்கு நல்ல பருத்த இரட்டைத் தாடை. கூட வந்த மாமியாரிடம் கேட்டேன்.

"இவங்களுக்குக் கழுத்து எப்பவும் இப்படித்தானாம்மா?"

"மாசமா இருக்கிற புள்ளன்னு நல்லா ஆக்கிப் போட்டோம். அதான் சதை போட்டுருக்கு."

கவிதா மெதுவாகத் தலையை அசைத்தாள். "இல்லக்கா. பத்து நாளாத்தான். குரலும் மாறிப்போச்சு."

அந்தக் குரல் கரகரத்திருந்தது. அவள் கணவரிடம், "போன்ல பழைய போட்டோ இருக்கா? சீக்கிரம் காட்டுங்க" என்றேன். ஏழாம் மாத வளைகாப்புப் படத்தைக் காட்டினார். கை நிறைய வளையல், கூரான மோவாய், மெலிந்த கழுத்து.

சாப்பாட்டில் வந்த தாடை பத்து நாளில் வராது. இது பிரஷரால் கோத்த நீர். வெளியே இவ்வளவு வீங்கியிருந்தால் தொண்டைக்குள்ளும் வீங்கியிருக்கும். வழக்கமான டியூப் நுழையாமல் போகலாம்.

பக்கத்துத் தியேட்டர் கதவைத் திறந்து டாக்டரிடம் சொன்னேன்.

"போட்டோ பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம். பத்து நாள் வீக்கம். குரலும் கட்டியிருக்கு."

"சின்ன டியூப் எல்லாம் எடுத்து வைங்க. கேமரா லாரிங்கோஸ்கோப்பும் வேணும். தலைமாட்டை உயர்த்துங்க. டியூப் போகலேன்னா கழுத்துல துளை போட ஈ.என்.டி. டாக்டரையும் வரச் சொல்லுங்க. இதோ வர்றேன்."

பெட்ஷீட்டுகளை மடித்துத் தோளுக்கும் தலைக்கும் கீழே அண்டை கொடுத்தேன். டியூப்களை அளவு வாரியாக அடுக்கினேன். கவிதா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்றாள். "நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றேன்.

மயக்கம் கொடுத்ததும் கேமராத் திரையில் தொண்டை தெரிந்தது. மூச்சுக்குழாயின் வாய் வீங்கி, சின்னப் பிளவாக இருந்தது. டாக்டர் கையை நீட்டினார். ஆறு சைஸ் கொடுத்தேன், முட்டிக்கொண்டு நின்றது. உடனே ஐந்தரை கொடுத்தேன். உள்ளே போய்விட்டது. மானிட்டரில் மூச்சுக் கோடு எழுந்தது. சிறிது நேரத்தில் ஒரு பெண் குழந்தை தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி அழுதது.

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு டாக்டர் சொன்னார்: "வழக்கமான ஏழு சைஸ்தான் கையில இருந்திருந்தா, சின்னதைத் தேடிக்கிட்டு நின்னிருப்போம். கேட்டீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு."

மறுநாள் தியேட்டர் செக்லிஸ்ட்டில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'இரட்டைத் தாடை இருந்தால், எத்தனை நாளாக?' பிறகு அதை அச்சிலும் ஏற்றிவிட்டார்கள். என் பெயர் அதில் இல்லை. ஆனால் அது என் கேள்வி. ஒரு கழுத்தைப் பார்த்துத் தின்று கொழுத்தது என்று முடிவு கட்ட ஒரு நொடி போதும். கேட்பதற்கு இன்னும் ஒரு நொடிதான் ஆகும். கேளுங்கள்.