வாயில் தேங்கியது

இது பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் கனவென்று என்னாலேயே ஒதுக்கித்தள்ள முடியவில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கான மேல்நிலைப் பயிற்சியில் நான் இரண்டு முறை தோற்றது ஒரே தேர்வில்தான். மயங்கிக் கிடப்பவரின் வாயில் தேங்கிய வாந்தியைக் குழாயால் உறிஞ்சி, மூச்சுக்கு வழிவிட வேண்டும். ரப்பர் பொம்மைதான். வாந்தியும் ஓட்ஸ் கஞ்சியில் வினிகர் கலந்ததுதான். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் எனக்குக் குமட்டிவிடும். மூன்றாவது முறையும் தோற்றால் பயிற்சியிலிருந்தே வெளியே.

"நம்ம பிள்ளை வாந்தியெடுத்தாலே என்னைத்தான் கூப்பிடுவ. ஊரார் வாந்திக்கும் நானே வரணுமா?" என்று கிண்டலடித்துத்தான் கணவர் காலையில் அனுப்பிவைத்தார்.

மதியம் 2.10. தரை மெத்தையில் பொம்மை. பக்கத்தில் நான். என் முதுகுக்குப் பின்னால், கடிகாரத்தோடு பயிற்சியாளர்.

"ஆரம்பிம்மா."

பொம்மையின் தாடையைத் திறந்தேன். வாய் நிறைய மஞ்சள் கூழ். வினிகர் வாடை இல்லை. செரிக்காத சோறும் பித்தமும் கலந்த... நிஜ வாடை.

பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை விட்டேன். சர்ர்ர்... உறிஞ்சு கருவியின் ஜாடியில் கொழகொழவென்று இருநூறு மில்லி ஏறியது. கலவையே அவ்வளவுதான் ஊற்றுவார்கள்.

வாய் மறுபடி நிறைந்தது.

நானூறு. அறுநூறு. பாதி மென்ற பருக்கைகள் கையுறையில் ஒட்டின. வழிந்தது சட்டைக் கையை நனைத்தது.

வெதுவெதுப்பாக இருந்தது...

க்ளக்.

ரப்பர் தொண்டை அசைந்தது.

நாக்கு என் விரலைத் தடவியது...

கையை எடுக்கவில்லை. எடுத்தால் தோற்றுப்போவேன்.

2.14.

நீளமாக ஒரு மூச்சு. என் முகத்தில்.

"போதும்மா, நீ பாஸ்" என்றார் பயிற்சியாளர். "நீ குமட்டுவேன்னு இன்னிக்குக் கலவையே ஊத்தல. சும்மா செஞ்சு காட்டச் சொன்னா, நிஜமாவே இருக்கற மாதிரி தோளக் குறுக்கிக்கிற."

குனிந்து பார்த்தேன். பொம்மையின் வாய் காய்ந்து கிடந்தது. ஜாடியில் ஒரு சொட்டு இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்த கணவர் மூக்கைப் பொத்தினார்.

"யாரு உன் மேல வாந்தியெடுத்தது?"

மூன்று முறை துவைத்தும் சட்டையின் நாற்றம் போகவில்லை. எரித்துவிட்டோம்.

மறுநாள், பொம்மைகளைக் கழுவும் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் அதே மெத்தையில ஒருத்தர் நோயாளியா நடிக்கப் படுத்தாரு. சாப்பிட்ட கையோட. நிஜமாவே வாந்தி வந்து மூச்சு அடைச்சிருச்சு. எல்லாரும் கலவைன்னு நெனச்சுட்டாங்க. என்னமா நடிக்கிறாருன்னு கை தட்டினாங்க."

"யாருமே கிட்டப் போகலையாக்கா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"சுத்தி இருபது பேரு. நாத்தம் தாங்கலன்னு ரெண்டடி தள்ளி நின்னோம். நானுந்தான். நாலு நிமிஷம்."