இரண்டு சாண், நான்கு விரல்

வயர்மேன் மரியதாஸ் காலமாகிவிட்டார் என்ற செய்தியை, மீட்டர் பார்க்க வந்தவர் என் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார். நெஞ்சுவலி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நான் உள்ளே வந்து கூடத்துச் சுவரில் கை வைத்தபடி நின்றேன். அந்தச் சுவரை இன்று பயமில்லாமல் தொடுகிறேன் என்றால் அது அவரால்தான்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரிந்திருக்கும். என் மகன் கணேசன் துபாயிலிருந்து பெரிய டிவி, டெக், ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் கொண்டுவந்திருந்தான். தெருவில் முதல் ஹோம் தியேட்டர் எங்கள் வீட்டில்தான் என்று நானும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவன் மகள், என் பேத்தி செல்விக்கு அந்த வாரம் நிச்சயதார்த்தம். சேரன்மகாதேவியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ஒரு வயர்கூட வெளியே தெரியக் கூடாது என்றான் மகன். டிவிக்குக் கரண்டு கொண்டுபோக ஒரு மெல்லிய வயரையே சுவரில் புதைத்துப் பூசிவிடச் சொன்னான்.

மரியதாஸ் சுவரை ஒரு பார்வை பார்த்தார். "குழாய் பதிக்கணும் தம்பி. மீட்டர் பெட்டில இருந்து தனி லைன், தனி ஃபியூஸ், எர்த்து. நாலு நாளாவது வேணும்."

"மூணு நாள்ல விசேஷம் அண்ணாச்சி. குறுக்க இழுத்துப் பூசிருங்க."

"வயரு நேரா ஏறணும், நேரா நடக்கணும். குறுக்க ஓடுனா அது வழி இல்ல, கண்ணி. நான் செய்ய மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நீரு இல்லேன்னா திருநெல்வேலில வேற ஆளே கிடையாதோ?" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு ஆள் வந்தார். மகன் சொன்னபடியே புதைத்துப் பூசிச் சுண்ணாம்பும் அடித்துக் கொடுத்தார். சுவர் பளிச்சென்று இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் வீடு கழுவிவிட்ட ஈரம் காயவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நுழையும்போது என் வீட்டுக்காரர் படம் மாலையோடு கூடத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆணியும் சுத்தியலுமாக அந்தச் சுவருக்குப் போனேன். இடது கையைச் சுவரில் ஊன்றியதும் எறும்புக் கூட்டம் கடித்தது போல இருந்தது. உதறிவிட்டு மறுபடி ஊன்றினேன். மறுபடியும் கடித்தது.

அந்த நேரத்தில் வாசலில் மரியதாஸ், கையில் ஒரு சீப்புப் பழத்தோடு. நான் பேசிய பேச்சுக்குப் பிறகும், அழைத்த அழைப்பை மதித்து வந்திருந்தார்.

"வாரும். இந்தச் சொவத்துல என்னமோ கடிக்கு பாரும்" என்றேன்.

பழம் தரையில் விழுந்தது. "கைய எடுங்க ஆச்சி! பின்னால வாங்க! ஒருத்தரும் தொடாதிய!"

சட்டைப் பையில் இருந்த டெஸ்டரைச் சுவரில் வைத்தார். வெறும் சுவர்தான். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தார். அந்த ஆணியை நான் அடித்திருந்தால்? சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டேன்.

மகன் கெஞ்சினான். "அண்ணாச்சி, அவங்க ஜங்ஷன் வந்துட்டாவ. இப்பப் போய்ச் செவர உடைக்கவா? சாயங்காலம் பாத்துக்கிடலாம்."

"எங்க இருந்து லைன் எடுத்திருக்கான், எங்க ஒட்டுப் போட்டிருக்கான்னு தெரியாம மெயினைப் போட மாட்டேன். புழுக்கத்துல அவியட்டும், பரவாயில்ல. போட்டியள்னா, வாரவங்கள்ல யாரு சாய்வாங்கன்னு நீங்களே சொல்லுங்க." மகனிடம் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

வெள்ளையடித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. சம்பந்தி முன்னால் தலைகுனிய வேண்டும். செல்வி கதவோரம் பட்டுப்புடவையில் நின்றாள். அவள் கையும் அந்தச் சுவரிலிருந்து ஒரு முழத்தில்தான் இருந்தது.

"உடைச்சுப் பாரும்" என்றேன்.

உளியடிக்கிற சத்தத்திலும் புழுதியிலுமாகவே மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன அத்தை, விசேஷ வீட்டுல செவர இடிக்கிய?" என்றார். பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, என் வீம்பையும் சேர்த்து நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் உடைந்த சுவரைப் பார்த்தார், மரியதாஸைப் பார்த்தார். "எங்க பிள்ளை வந்து கை வைக்கதுக்கு முன்னால இடிச்சியளே, நல்லாருப்பிய" என்று சொல்லித் தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தார். விசிறிமட்டையை வீசிக்கொண்டே தாம்பூலம் மாற்றினோம்.

பிறகு மரியதாஸ் தாமே குழாய் பதித்தார். பூசுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் சுவரைப் பென்சிலால் வரைந்து, "கதவு நிலையில இருந்து குழாய் வரைக்கும் உங்க கையால அளங்க ஆச்சி. நீங்களே எழுதுங்க" என்றார்.

"அம்மா அஞ்சாங் கிளாஸ். அந்த எழுத்த யாரு அண்ணாச்சி படிக்கப் போறா?" என்று மகன் சிரித்தான்.

"கரண்டு எழுத்தழகு பாக்காது தம்பி. நீங்க துபாய்க்குப் போயிருவிய, பாப்பா சேரன்மாதேவிக்குப் போயிரும். இந்தச் சொவத்தோட இருக்கப் போறது ஆச்சிதான். ஸ்கேல் தொலஞ்சு போவும், கை எங்க போவும்?"

அளந்தேன். இரண்டு சாண், நான்கு விரல். எழுதினேன்.

அந்தத் தாள் இப்போது என் வீட்டுக்காரர் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மரியதாஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். செய்தி வந்த அன்று அதை எடுத்துப் பார்த்தேன். அவர் போய்விட்டார், என் கையும் ஒருநாள் போகிறதுதானே என்று தோன்றியது. தாளைத் தரையில் விரித்து, அதன் மேல் இடது கையை அகல விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். எனக்குப் பிறகு அந்தச் சுவரில் ஆணி அடிக்க வருகிறவர்கள் முதலில் அந்தக் கையை வைத்து அளந்து பார்க்கட்டும்.