நான் சொன்னதில் பாதி

எனக்கு எண்பத்து நாலு வயது. பெற்றது ஆறு, தங்கியது ஐந்து. தங்கச்சி விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஏழும் படித்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும்தான். இந்த எழுத்து கோணிக்கொண்டு போவதற்கு என் கை காரணமில்லை. யார் காரணம் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன்.

அப்போது சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கத் தறி. அந்த வருஷம் நூல் கிடைக்கவில்லை. ஊரில் பெரிய நூல் கடை வைத்திருந்தவர்தான் எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்தின மேனேஜரும். நூல் வரவில்லை என்று அவர் கையை விரிப்பார். கடையின் பின்கட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று தெரு பேசும்.

நூல் இருந்தால், தறியில் ஏற்றும் நீள இழையை, அதுதான் பாவு, தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போடுவோம். பாவு தரையில் படாமல் தாங்குவதற்கு மூங்கில் கம்புகள் உண்டு. அந்தக் கம்பெல்லாம் மாதக் கணக்கில் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஒரு நாள் காலையில் தெரு ஆண்கள் ஆளுக்கொரு வெறும் கம்பைத் தூக்கிக்கொண்டு நூல் கடை வாசலில் போய் வரிசையாக நின்றார்கள். இந்தா பாரும், பாவில்லாத கம்பு என்று காட்டத்தான். அப்பாவை நாங்கள் ஐயா என்போம். நானும் ஐயா பின்னாலேயே போய் நின்றேன். கடை திறக்கவில்லை. உச்சி வெயில் ஏறியதும் கம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் ஆட்கள் செய்த தப்பு ஒன்றுதான். தறிக்காரன் கண்ணுக்குத்தான் அது பாவுக் கம்பு. மற்றவன் கண்ணுக்கு அது தடி. அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

எங்கள் வகுப்பு வாத்தியார் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சைக்கிளில் வருவார். மேனேஜர் வீட்டில் வாசித்து முடித்த பேப்பர் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வரும். வாத்தியார் அது போதாதென்று சலூனில் இன்னொரு பேப்பரைக் கேட்டு வாங்கி வருவார். இரண்டையும் சோற்றுப் பருக்கை தடவிக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார். ஒரே சமாச்சாரத்தை இரண்டிலும் வாசிக்கச் சொல்வார்.

அன்றைக்கு ஒட்டியது எங்கள் தெருச் சமாச்சாரம். மேனேஜர் வீட்டுப் பேப்பரில், தடி பிடித்த கும்பல் நூல் கடையைத் தாக்க வந்தது என்று போட்டிருந்தது. சலூன் பேப்பரில், நெசவாளர்கள் வெறுங்கையோடு வந்து கும்பிட்டு நின்றார்கள் என்று இருந்தது.

"இதுல எது நெசம்லே?" என்று வாத்தியார் கேட்டார்.

"மேனேஜர் வீட்டுப் பேப்பர்தான் சார்" என்றான் முன்வரிசைப் பையன் ஒருத்தன்.

"ஏன்லே?"

"சலூன் பேப்பர்ல முடி ஒட்டியிருக்கு சார்."

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். பிறகு, "சரி, இத எழுதினவன் எங்கன நின்னு பாத்தான்? அது தெரியாது. உங்கள்ல யாரு நேர்ல பாத்தது?" என்றார்.

நான் எழுந்தேன். "ரெண்டும் பொய் சார். கம்பு இருந்துச்சு. எங்க ஐயாவும் வச்சிருந்தாவ. ஆனா அது பாவுக் கம்பு. நூல் இல்லன்னு காட்டத்தான் கொண்டு போனாவ. ஒருத்தரையும் தொடக்கூட இல்ல."

வாத்தியார் நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் பலகையில் எழுதினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் ஹெட்மாஸ்டர் நின்றதை நான் பார்க்கவில்லை.

மத்தியானம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "நீ சொன்னதத்தான் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். கம்பு இருந்தது, என் தகப்பனாரும் வைத்திருந்தார். அதோடு நின்றுவிட்டது.

"மீதி எங்க சார்?"

"மீதி தேவையில்ல."

"மீதியையும் எழுதுங்க சார், போடுதேன்."

"ஏட்டி, எனக்கே பாடம் எடுக்கியா? போடலன்னா நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத."

நான் போடவில்லை. பத்து வயதில் போடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் முதுகு நிமிர்கிறது.

ஆனால் என் கையெழுத்து யாருக்கு வேண்டியிருந்தது? இரண்டாம் நாள் மேனேஜர் வீட்டுப் பேப்பரில் வந்துவிட்டது. தடி கொண்டு போனதை நெசவாளி மகளே வகுப்பில் ஒப்புக்கொண்டாள் என்று. போலீஸ் வந்து ஐயாவைக் கூட்டிப் போனது. ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் நிற்கவைத்து அனுப்பினார்கள்.

அச்சடித்தவனைக்கூட விட்டுவிடுவேன். எங்கள் தெருவை எப்படி விடுவது? தங்களைப் பற்றிப் பொய் எழுதின அதே பேப்பரை, என்னைப் பற்றி எழுதியதும் நம்பினார்களே! அடுத்த வீட்டுக்காரி அம்மாவிடம் வந்து, "பேப்பர்லயே போட்டுட்டானே மதினி, பொய்யாவா இருக்கும்?" என்று கேட்டாள். போன வாரம் அவள் புருஷனும்தான் கம்பு பிடித்து நின்றான். அவனைக் கும்பல் என்று எழுதியபோது பேப்பர்க்காரன் கட்டையில் போக என்று மண்ணை வாரித் தூற்றியவள் இவள். குழாயடியில் பெண்கள் என்னை, "வாங்க பேப்பர்க்காரம்மா" என்றார்கள்.

வாத்தியாரை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குள் அரசியல் பேசினாராம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளைய வேற பள்ளிக்கூடத்துல சேருங்க அண்ணாச்சி. அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல."

ஐயா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாத்தியார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஐயா என்னிடம் திரும்பினார். "ஏட்டி, நீ என்னதான் சொன்ன?"

சொன்னேன், முழுசாக. கேட்டுக்கொண்டார்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாச் சேத்துக்கிடுவாகளாம். போடுதியா?"

"மாட்டேன்."

"அப்போ வீட்டுல இரு."

நான் பொய் சொல்லவில்லை என்று ஐயாவுக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் முன்னால் போய், மீதியையும் எழுதும் வே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தறிக்கு நூல் வேண்டும், அது மேனேஜர் கையில் இருந்தது. என் படிப்பை நானே முடித்துக்கொள்ளும்படி என் வாயிலிருந்தே பதிலை வாங்கிவிட்டார். அவர் செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. திதி தவறாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கோபம் மட்டும் போகவில்லை.

அடுத்த மாதம் நூல் வந்தது. பின்கட்டில் இருந்ததோ, ரயிலில் வந்ததோ, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். தெருவில் பாவு விரித்தார்கள். நான் ராட்டை முன்னால் உட்கார்ந்து, குறுக்கு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றினேன். பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும்.

எழுதி முடித்துவிட்டேன். ஏட்டி பேத்தி, இங்கே வா. உன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை முதலிலிருந்து உரக்க வாசி. பிழை இருந்தால் திருத்திக்கொள். நீளமாக இருக்கிறது என்று ஒரு வரியைத் தாண்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும். ம், வாசி.