ஐந்து நெகட்டிவ்

1. மூன்று முறை அலம்பியவள்

அமுதா லேபுக்கு வந்த முதல் நாளே என்னிடம் திட்டு வாங்கினாள். பாய்லர் பக்கம் போய் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவர அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

"தண்ணி பிடிக்க இவ்வளவு நேரமா?" என்றேன்.

"பாட்டில அதே தண்ணில மூணு வாட்டி அலம்பிட்டுத்தான் புடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க மேடம்? கொழாயி மெதுவா வுடுது. நான் என்னா பண்றது?"

அவள் சொன்னது சரிதான். மூன்று முறை அலம்ப வேண்டும் என்று எல்லா ஹெல்பர்களிடமும் சொல்வேன். செய்தவள் அவள் ஒருத்திதான்.

நான் அனல் மின் நிலையத்தின் தண்ணீர் லேபில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் சிலிகா எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஷிப்ட்டுக்கு ஷிப்ட் பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் கெட்டால் டர்பைன் கெடும், யூனிட் நிற்கும். அதனால் எங்கள் ரிப்போர்ட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

லேபில் இப்போது இருக்கும் பிள்ளைகள் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பெருமை அடித்துக்கொள்ள எத்தனையோ இருக்கிறது. ஆனால் நான் தப்பாகப் படித்த ஒரு ரிப்போர்ட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது தண்ணீர் ரிப்போர்ட் இல்லை.

2. அவள் இல்லாத லேப்

அமுதா கான்ட்ராக்ட் ஹெல்பர். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் தறி நெய்பவர், ஒரே பெண் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் குடுவைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"மார்ல கல்லு மாரி ஒண்ணு இருக்குது மேடம். வலி கெடையாது. ஆறு மாசமா பாத்துக்கினுதான் இருக்கேன்."

திட்டி, அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இந்த விஷயத்தில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். புதுச்சேரியில் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். ஆனால் சின்னக் கட்டி, ஆரம்பம்தான், ஆபரேஷன் செய்து எடுத்தபின் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை மட்டும் போதுமா, வேறு வைத்தியம் வேண்டுமா என்று முடிவு செய்யலாம் என்றார்களாம். இடது மார்பை எடுத்துவிட்டார்கள்.

அவள் லீவில் இருந்த நாட்களில் லேப் நாறிப்போனது. அவளுக்குப் பதிலாக வந்தவன் பாட்டிலை அலம்பவே மாட்டான். சிலிகா திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும். மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னம்மா இது, காலைல ஒரு ரீடிங், மத்தியானம் ஒரு ரீடிங்? லேப் நடத்துறீங்களா, லாட்டரி நடத்துறீங்களா?"

அவள் எப்போது வருவாள் என்று நான் காத்திருந்தேன். அடுத்து நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மறைப்பதில் பயன் இல்லை.

3. ரிப்போர்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். மடித்த காகிதத்தை நீட்டினாள்.

"வியாழக்கெழம டாக்டராண்ட காட்டணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க மேடம். நீங்களும் லேப்புதான?"

நீங்களும் லேப்தானே என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்டிய ஓரம் நெகட்டிவ், அதாவது அங்கே நோய் மிச்சமில்லை. அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகள் நெகட்டிவ். அதற்குக் கீழே ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று இருந்தன. அவை என்னவென்று எனக்குத் தெரியாது. அவையும் நெகட்டிவ்.

எங்கள் ரிஜிஸ்டரில் நெகட்டிவ் நல்ல வார்த்தை. குடிதண்ணீரில் கிருமி நெகட்டிவ் என்றால் குடிக்கலாம். கொரோனா சமயத்தில் நெகட்டிவ் என்றால் வீட்டுக்குப் போகலாம். போன் கையில்தான் இருந்தது, அந்த மூன்றும் என்னவென்று தேடியிருக்கலாம். தேடவில்லை.

"அஞ்சும் நெகட்டிவ் அமுதா. ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"அப்ப அந்த முடி கொட்ற மருந்து ஏத்த வேணாமா?"

"நோய் இருந்தாத்தானே மருந்து?"

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வேலைக்கி வந்துடவா மேடம்? கேட் பாஸு இந்த மாசத்தோட முடியுது, வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க" என்றாள்.

"வா. நீ இல்லாம லேப் லேபாவே இல்ல."

வியாழக்கிழமை அவள் புதுச்சேரி போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் செய்து கூப்பிட்டார்களாம். ரிப்போர்ட் பார்த்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாளாம். புண் ஆறியதும் வேலைக்கு வந்தாள். சிலிகா ரீடிங் சீரானது. நான் சந்தோஷமாக இருந்தேன்.

4. டாக்டர் கேட்ட கேள்வி

நாலு மாதம் கழித்து அவள் இடது கை வீங்கியது. கழுத்தெலும்புக்கு மேலே ஒரு சின்னக் கட்டியும் தட்டுப்பட்டது. லீவு போட்டுவிட்டு நானே கூடப் போனேன். டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதன் கடைசி மூன்று வரிகளில் விரலை வைத்தார்.

"கடைசி மூணும் மருந்தைத் தேர்வு பண்றதுக்கான டெஸ்ட்மா. மூணும் நெகட்டிவ்னா ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது. இந்த வகை சீக்கிரம் திரும்பி வரும். அதனாலதான் ஆபரேஷன் முடிஞ்ச கையோட கீமோ குடுத்திருக்கணும். இத்தனை மாசம் விட்டுட்டீங்களே. வர வேணாம்னு யாரு சொன்னது?"

அமுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல டாக்டர். நானேதான் வரல" என்றாள்.

டாக்டர் அவளைத் திட்டினார். படிக்காதவர்கள் இப்படித்தான் என்கிற மாதிரி என்னைப் பார்த்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். இருபத்தொன்பது வருட சர்வீஸில் அவ்வளவு கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை.

கட்டியைச் சோதித்ததில் நோய் திரும்பியிருந்தது உறுதியானது. இப்போது கீமோ கொடுத்தாலும் முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது, உடம்பும் பாடுபடும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அமுதா யோசிக்கவில்லை.

"ஏத்துங்க டாக்டர். பொண்ணு பன்னண்டாவது முடிக்கிற வரைக்கும் நான் இருக்கணும்."

மகள் பன்னிரண்டாவது முடித்தாள். கல்லூரியில் சேர்ந்தாள். அதுவரை அமுதா இருந்தாள்.

5. சொன்னது

அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஒருநாள் வடலூரில் பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. போன உடனே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் மறுபடியும் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

"அந்த ரிப்போர்ட்டை நான்தான் தப்பாப் படிச்சேன் அமுதா. டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

"தப்பாப் படிச்சா என்னா மேடம்? எனக்கும் அப்பிடித்தான் கேக்கணும்னு இருந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டாள். "டாக்டரு கேட்டாங்கல்ல, அப்ப நீங்க சொல்லுவீங்கன்னு ஒங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். அது ஒண்ணுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னாள். அடுத்த மாதம் போய்விட்டாள்.

பிள்ளைகளா, யார் எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும், உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அது முதலாவது. இரண்டாவதுதான் எனக்கு வலிக்கிறது. நம் ரிஜிஸ்டரில் ரீடிங் தப்பென்று தெரிந்தால் அதை ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, பக்கத்திலேயே கையெழுத்துப் போடுவோம். அந்த ஷிப்ட்டிலேயே போடுவோம். அமுதா விஷயத்தில் அந்தக் கையெழுத்தை நான் ஒரு வருடத்துக்கு மேல் போடாமல் இருந்தேன். போட்டபோது பார்க்க அவளுக்கு ஒரு மாதம்தான் மிச்சம் இருந்தது.