துரையின் பந்தயக் காரில் எண்ணெய் கசிந்த விவரம்

அந்தக் காரின் இயந்திரம் பிரிக்கப்படுவதற்கு முன்பே நான் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகில், ஆற்றோரமாக இருந்த ரப்பர்த் தோட்டமொன்றில் அலுவலகக் கணக்கும் கடிதமும் பார்க்கும் பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் ஆங்கிலமும் கணிதமும் இரசாயனமும் முறையாகப் படித்துத் தேறியவன். மலாயாவுக்கு வந்தபின் என் கைப்பட எழுதிய எதையும் எந்தத் துரையும் திருத்த நேர்ந்ததில்லை. கோலசிலாங்கூர் வரையுள்ள எங்களவர் வீடுகளில் கலியாணப் பேச்சானாலும் பிணக்கைத் தீர்க்கும் பேச்சானாலும் எனக்கென ஒரு நாற்காலி போடப்படும். தற்புகழ்ச்சிக்காக இதை எழுதவில்லை. பின்னாளில் பரவிய கதை எத்தகைய மனிதனைப் பற்றிப் பரவியது என்பது முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

எங்கள் பெரிய துரையிடம் இருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தயக் கார் ஒன்று இருந்தது. நீண்ட மூக்கும், அதை இறுக்கிக் கட்டிய தோல் வாரும் கொண்டது. கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் நடத்தும் மலைப்பாதைக் கார்ப் பந்தயங்களுக்கு அதைக் கொண்டுபோவார். அவர் நீண்ட விடுப்பில் சீமைக்குப் புறப்பட்ட காலத்தில் இயந்திரம் தேய்ந்து புகை கக்கிக்கொண்டிருந்தது. புதிய பிஸ்டன்களையும் பேரிங்குகளையும் வரவழைத்து வைத்துவிட்டு, "நான் திரும்பியதும் பந்தயம் இருக்கிறது. வேலை உம்முடைய பொறுப்பில் நடக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். காருடன் வந்த ஆங்கில நூலை வாசித்து விளங்கிக்கொள்ளக் கூடியவன் அங்கே நான் ஒருவனே. ஆகவே ஒப்புக்கொண்டேன். அந்த நாளிலிருந்து என் பெயர் அந்த இயந்திரத்தோடு சேர்ந்துவிட்டது.

கைவேலை செய்தவர் ரப்பர் ஆலையின் இஞ்சின்காரர். சேலத்துப் பக்கத்து மனிதர், வேலையில் தேர்ந்தவர், வாய் ஓயாதவர். ஆலைக்குப் பக்கத்துக் கொட்டகையில் நான் நூலை வாசித்துச் சொல்ல, அவர் பூட்டினார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, பேக்கிங் வைக்கும் வேலை வரும்வரை.

இரண்டு இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் எண்ணெய் வெளியேறாதபடி இடையில் வைப்பதற்குப் பேக்கிங் என்று பெயர். அந்தக் காருக்கு அது தக்கையால் ஆனது. பழையது கழற்றும்போதே பொடிந்து போயிற்று. புதியது பெட்டியில் வரவில்லை. சிங்கப்பூருக்கு எழுதி வரவழைப்போம் என்றேன். அப்போது பெரிய துரைக்குப் பதிலாகத் தோட்டத்தைப் பார்த்துவந்த சின்ன துரை, ஆலையிலிருந்து நல்ல வெளிறிய ரப்பர்த் தாள் ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"உலகத்துக்கே ரப்பர் விற்கிறோம். தக்கைக்காகக் காத்திருப்பதா? இதை வெட்டி வையுங்கள்" என்றார்.

அதை நான் தமிழில் சொன்னதும் இஞ்சின்காரருக்குப் பெரும் மகிழ்ச்சி.

"அப்பிடிச் சொல்லுங்க. கழுத்து வரைக்கும் ரப்பர்ல கெடக்கிறோம். தக்கைக்கு எதுக்குங்க சிங்கப்பூரு?"

பொறுத்திருப்பதே உசிதம் என்று சின்ன துரையிடம் மரியாதையாகக் கூறினேன். "நீர் புத்தகத்தை வாசியும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முதலில் ஒரு துளியும் கசியவில்லை. இஞ்சின்காரர் காருக்கு அடியில் கையை நீட்டித் தடவி, சுத்தமான உள்ளங்கையை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். சின்ன துரை கிளப்பில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டதாகவும் அறிந்தேன். சில நாள் ஓடியபின், எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் ஈரம் தெரிந்தது. பின்னர் அது சொட்டாயிற்று. போல்ட்டுகளை இறுக்கினோம். சொட்டு இரண்டு மூன்று இடங்களுக்குப் பரவியது.

"இன்னும் ஒரு திருகு திருகுனா நின்னுரும் கிராணியாரே."

"பொறும். உந்தப் போல்ட்டை இனி இறுக்காதையும். இறுக்க இறுக்கத்தானே கூட ஒழுகுது."

"அது புதுசுங்க. பழகணும். கல்யாணமான புதுசுல மாப்பிள்ளையும் இப்பிடித்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய துரை கப்பலேறிவிட்டார் என்ற செய்தி அதற்குள் வந்திருந்தது.

கார் எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் கோலசிலாங்கூர் வரை போய்வரும்படி சின்ன துரை உத்தரவிட்டார். இஞ்சின்காரர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்தேன். கலங்கரை விளக்கம் நிற்கும் குன்றின்மேல் கார் சிறுத்தையைப் போல ஏறிற்று. மேலே நிறுத்திய இடத்தில், கடலைப் பார்த்தபடி இறங்கிய நான், காலடியில் கறுப்பாக எண்ணெய் பரவுவதைக் கண்டேன். என் வெள்ளைக் கோட்டின் விளிம்பிலும் அது ஏறியிருந்தது. கொண்டுபோன எண்ணெயை ஊற்றித் திரும்பினோம். பாதி வழியில் இயந்திரத்துக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் எழுந்தது. உடனே நிறுத்தச் சொன்னேன். ஊற்றிய எண்ணெயெல்லாம் செம்மண் பாதையில் கோடாகப் போயிருந்தது. புதிய பேரிங் ஒன்று உருகிவிட்டது.

தோட்டத்துக்குக் காரை மாட்டுவண்டியில் கட்டியே இழுத்துவர நேர்ந்தது. ரப்பர் வைத்த செய்தி எங்கும் பரவியிருந்தபடியால் வண்டிக்காரனும் அறிந்திருந்தான்.

"ரப்பர் வச்ச காருன்னாங்க. ரப்பருன்னா இழுத்தா நீளணும்லா. இது நகரவே மாட்டேங்குதே."

"நீ மாட்ட ஓட்டுய்யா. வாய ஓட்டாத" என்றார் இஞ்சின்காரர். அன்று அவர் பேசியது அவ்வளவே.

தொட்டியைக் கழற்றிப் பார்த்தபோது ரப்பர் ஊதிப் பெருத்து, விளிம்புக்கு வெளியே நாக்கைப்போலத் துருத்திக்கொண்டு நின்றது. விரலால் தொட்ட இடம் களியாக வழிந்து வந்தது. காரணத்தை ஊகமாகச் சொல்வது என் வழக்கமன்று. அதே தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை இஞ்சின் எண்ணெயிலும் இட்டு, இரண்டு கண்ணாடிக் குவளைகளை அலுவலக மேசையில் வைத்தேன். மறுநாள் தண்ணீரில் கிடந்தது கிடந்தபடியே இருந்தது. எண்ணெயில் கிடந்தது இருமடங்கு பருத்து இளகியிருந்தது. பச்சை ரப்பர் எண்ணெயைக் குடிக்கும். ரப்பரிலேயே உண்டு உறங்கிய எங்களில் ஒருவரும் அதை எண்ணெயில் போட்டுப் பார்த்தவரல்லர். யாருக்கும் அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை. சின்ன துரையை அழைத்துக் காட்டினேன். குவளையை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "விசித்திரம்" என்றார். குவளையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

தடித்த பழுப்புக் காகிதத்தை வெட்டி, இருபுறமும் அரக்கு மெழுகிப் பேக்கிங் செய்ய ஏற்பாடு செய்தேன். பேரிங்கை ஈயச் சுரங்கப் பட்டறையில் வார்க்கக் கொடுத்தோம். அது திரும்பி வருமுன் பெரிய துரை வந்துவிட்டார். பந்தயத்துக்குக் கார் தயாராகாது என்பது வெளிப்படை. கொட்டகையில், பிரித்துக் கிடந்த இயந்திரத்துக்கு முன்னால் எங்கள் மூவரையும் நிறுத்தினார்.

"ரப்பரை வைத்தது யார்?"

தொட்டியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்த இஞ்சின்காரரின் கையில் அந்தக் களி ஒட்டியிருந்தது. துரையின் பார்வை அங்கேதான் நின்றது. அந்த மனிதருக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீடு நிறையப் பெண்பிள்ளைகள். வேலை போனால் வீடும் போய்விடும். நான் சின்ன துரையைப் பார்த்தேன். அவர் தம் சுங்கானில் புகையிலையை அமுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அவர் சொல்லுவார் என்று, மரியாதைக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டுமோ அவ்வளவு காத்திருந்தேன்.

"வேலை என் பொறுப்பில் நடந்தது, ஐயா" என்றேன்.

பெரிய துரை தலையை அசைத்தார். "உம்மிடம் இதை எதிர்பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார். சின்ன துரையும் பின்னால் போனார்.

"ஏன் ஐயா, அவரு சொன்னதுதான்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று இஞ்சின்காரர் கேட்டார்.

"அவர் வாய் திறவாத இடத்திலை நான் திறந்தால், பொய்யன் எண்ட பேரும் சேர்ந்து வரும். நீர் கையைக் கழுவும்."

இஞ்சின்காரரின் வேலை நிலைத்தது. என் வேலையும் நிலைத்தது. ஆனால் அதன்பின் ஆலை இயந்திரம் பற்றிய எதையும் பெரிய துரை என்னிடம் கேட்கவில்லை. எங்களவர் வீடுகளில் நாற்காலி வழக்கம்போலப் போடப்பட்டது. ஒரு கலியாண வீட்டில், பந்தல்கால் ஆடுகிறது என்று யாரோ சொல்ல, எனக்கு இளையவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "அண்ணை, உதுக்கும் ஒரு துண்டு ரப்பர் வைச்சால் நிக்குமோ?" என்றார். பெரியவர்களும் சிரித்தார்கள். சாப்பிட்டு முடித்தே எழுந்தேன்.

கிராணி ரப்பர் வைத்துத் துரையின் காரைக் கெடுத்தான் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஆகவே எழுதுகிறேன். வேலை என் பொறுப்பில் நடந்தது என்று நான் சொன்னது உண்மை. ரப்பரை வைக்கும்படி சொன்னவன் நானல்லன். சொன்னவர் சின்ன துரை. அந்தக் கார் மாட்டுவண்டியில் கோலாலம்பூர் போயிற்று என்பதும் தவறு. காகிதப் பேக்கிங் வைத்தபின், ஒரு துளியும் சிந்தாமல், தானாகவே ஓடிப் போயிற்று.