பைக்குள்ளே போன குரல்

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரை நம்பித்தான் கம்ப்யூட்டரில் எல்லா வேலையும் பார்க்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்க்கக் கூடாதென்று, திரையை இருட்டாக்கும் வசதியை என்றைக்கோ போட்டுவிட்டு அதை மறந்தும் போனேன்.

பெண்ணாடத்தில் ஆசிரியர் வேலை, வீடு சிதம்பரத்தில். இடமாறுதலுக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பிவிட்டு, சமர்ப்பிக்கும் பொத்தானைத் தேடும்போது ஸ்க்ரீன் ரீடரின் குரல் சட்டென்று நின்றது. மணி நாலே முக்கால்.

என் மனைவியின் தம்பி அப்போதுதான் நாற்காலியிலிருந்த என் பையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், ஸ்க்ரீன்ல என்னா இருக்குன்னு பாரு."

"ஒண்ணுமே இல்ல மாமா. கறுப்பா கெடக்கு. ஆஃப் பண்ணிப் போடட்டா?"

"கைய வெச்சிடாத! எல்லாம் அழிஞ்சிடும்!"

அப்போதுதான் உறைத்தது. திரையை மூடியவனே நான்தான். திறக்கும் விசை நினைவில்லை. கண் இருப்பவனையும் இருட்டில் உட்கார வைத்திருந்தேன். தோன்றிய விசையையெல்லாம் அழுத்தினேன்.

"மாமா, கொஞ்சம் இருங்க. ஒங்க பைக்குள்ள யாரோ பேசுறாங்க."

பஸ்ஸில் காதில் மாட்டியிருந்துவிட்டுப் பைக்குள் போட்ட புளூடூத் இயர்போன்! பையை நகர்த்தியபோது பட்டன் அழுந்தி அது ஆன் ஆகியிருக்கிறது. குரலும் அதற்குள் போய்விட்டது. காதில் மாட்டிக்கொண்டு, பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது.

இப்போதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் இயர்போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். திரையைத் திறக்கும் விசையை மச்சானுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவனைத்தான் கேட்கிறேன்: "மச்சான், ஒனக்கு ஸ்க்ரீன் தெரியுதா?"