ஊசிக்கு முன்னால் வைத்த விரல்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்ததற்குப் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரே ஒரு தைரியம்தான். கம்ப்யூட்டரில் வீடியோத் துண்டு விற்கிறவர்கள், ஒவ்வொரு துண்டுக்கும் கீழே எழுதி வைத்திருந்ததைப் பல வருடம் படித்திருக்கிறேன். அதைவிட மோசமாக என்னால் எழுத முடியாது.

ஆம்பூரில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளில் கல்யாண கேசட். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு படத்திலிருந்து ஆளை வெட்டி இன்னொரு படத்தில் ஒட்டுகிற சாஃப்ட்வேர் வந்தது. கொஞ்ச நாளில் அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே ஒரு பெட்டி முளைத்தது. அதில் என்ன வேண்டுமென்று இங்கிலீஷில் அடித்தால், எங்கேயோ இருக்கிற லைப்ரரியிலிருந்து வீடியோத் துண்டுகள் வரிசையாக வந்து நிற்கும். பிராட்பேண்ட் வேகத்துக்கு ஒவ்வொன்றும் வருவதற்குள் ஒரு டீ ஆறிவிடும்.

உலகமே அதில் இருக்கிறது என்றார்கள். எழுத்துக்கூட்டி 'லெதர்' என்று அடித்தேன். சோபா வந்தது. கார் சீட் வந்தது. மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஒருத்தி வந்தாள். எங்கள் ஊர்த் தோல் ஷெட்டுகளில் கிடக்கிற மாதிரி உப்புப் போட்ட பச்சைத்தோல் ஒன்றுகூட இல்லை. 'இந்தியா' என்று அடித்தால் யானை, சாமியார், தலையில் குடம் வைத்த பெண். எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்குப் பேரணாம்பட்டு பஸ்களிலிருந்து டிபன் பாக்ஸோடு ஷூ கம்பெனி வேலைக்கு இறங்குகிற இருநூறு பெண்களில் ஒருத்தியைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. அந்த லைப்ரரி ஆட்கள் காரணமில்லாமல் சிரிப்பார்கள். இலை தழையைத் தின்றுகொண்டு சிரிப்பார்கள். கை குலுக்கிச் சிரிப்பார்கள். ஒருவனுக்காவது பல்வலி இருந்து நான் பார்த்ததில்லை.

என் அக்கா ஒரு ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். ஒரு முறை ஊசி அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. அப்புறம் வளர்ந்த நகம் இரண்டாகப் பிளந்தே வளர்ந்தது. விரலும் கொஞ்சம் மடங்கிப்போனது. வேகம் குறையவில்லை. ஆனால் சூப்பர்வைசர் அந்த விரலையே சாக்காகச் சொல்லி, அவளை நூல் வெட்டுகிற டேபிளுக்கு அனுப்பப் பார்த்தார். பதினாறு வருடம் மெஷினில் இருந்தவளை டேபிளுக்கு அனுப்புவது, டீச்சரை மணி அடிக்க அனுப்புகிற மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு ஆட்களுக்குக் காட்ட அக்காவின் கம்பெனியைப் பற்றி ஒரு படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு ஆர்டர் வந்தது. கேமராவோடு நான் போனேன். அக்கா முந்தின நாளே விரலில் ஒட்டியிருந்த சொல்யூஷன் பசைக் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். தோல் சிவந்து கிடந்தது.

"என் கைய நல்லா எடுடா. படத்துலயே என் கைதான் தைக்குதுன்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு டேபிளுக்கு அனுப்புவாரு?"

எடுத்தேன். நல்லாவே வந்தது.

கம்பெனியின் சின்ன முதலாளி ஸ்டுடியோவுக்கு வந்து பார்த்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இன்னாப்பா இது, நகம் பிளந்து கெடக்குது. ஃபாரின்காரன் பாத்தா இன்னா நெனப்பான்? வேற நல்ல கையா போடு."

"வேற கையா சார்?"

"அதான் கம்ப்யூட்டர் உள்ளயே கடை வெச்சிருக்கானே. தேடு."

அது என் அக்கா கை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லைப்ரரியை நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ, அதைவிட ஒரு படி கீழேதான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த என்னை நினைக்கிறேன்.

புடவைக் கடையில் உட்கார்ந்த மாதிரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சின்ன முதலாளி ஒவ்வொரு கையாகப் பார்த்துத் தள்ளினார். காபி கப் பிடித்த கை. பூமி உருண்டையை ஏந்திய கை. சுருக்கம் விழுந்த ஒரு கிழவரின் கை, அதற்குக் கீழே 'வறுமை' என்று குறிப்பு. கடைசியில் வீட்டுத் தையல் மெஷினில் நீலத் துணி தைக்கிற ஒரு வெள்ளைக்காரக் கை வந்தது. நீளமான விரல், பளபளவென்று நகம். "இது போடு. கொஞ்சம் கலர் ஏத்திடு."

இரண்டு நாள் உட்கார்ந்தேன். வெள்ளைக் கையை மாநிறமாக்கினேன். நீலத் துணியைக் கறுப்புத் தோலாக்கினேன். மணிக்கட்டுக்கு மேலே அக்காவின் கம்பெனி ஓவர்கோட் ஸ்லீவை அப்படியே விட்டு, அதன் நுனியில் அந்தக் கையை ஒட்டினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அக்கா கேட்பாள்: "என் கை வந்துச்சாடா?"

"வருதுக்கா."

கம்பெனியில் புது ஷெட் திறந்த அன்று மத்தியானம் கேன்டீனில் திரை கட்டிப் படம் போட்டார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் புரொஜக்டர் பக்கத்தில். தையல் இடம் வந்தது. ஓவர்கோட் துவைக்கப் போனால் மாறிவிடுமென்று, அக்கா தன்னுடையதன் கைப்பட்டையில் சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டிருப்பாள். அதை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏய், உன் செகப்பு நூல்டி! உன் கோட்டு!"

"கோட்டு இவளுது. கை யாருதுடி?"

"எந்த சோப்புடி போட்ட? எனக்கும் சொல்லு!"

அதற்குள் திரையில் அந்த விரல் ஊசிக்கு நேர் முன்னால் போய் நின்றது. வீட்டு மெஷினில் மெதுவாகத் தைக்கிறவள் அப்படி வைக்கலாம். கம்பெனியின் வேக மெஷினில் வைத்தால் ஒரு நொடியில் ஊசி இறங்கிவிடும். மொத்தக் கேன்டீனும் கத்தியது: "எட்றி கைய! எடு, எடு!" அப்புறம் ஒரே சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் அவள் பக்கம் குனிந்தார். "பாத்தியாம்மா, மெஷின்ல இருக்கிற கைன்னா எப்டி இருக்கணும்னு?"

"பாத்தேன் சார். அந்தக் கைய நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லுங்க. அது தைக்கட்டும், நான் டேபிளுக்குப் போறேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் தட்டு வைத்தபிறகுதான் என்னிடம் பேசினாள். "நீதான் ஒட்டுனியா?"

"ஆமாக்கா."

"நல்லாதான் ஒட்டியிருக்க. செகப்பு நூல் பக்கத்துல ஜாயின்ட்டே தெரியல." குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் எட்டு மணிக்கு அக்காவை நூல் வெட்டுகிற டேபிளில் உட்கார வைத்தார்கள். பதினோரு மணிக்குச் சின்ன முதலாளி ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, பொம்பளைங்க சிரிக்கிறாங்க, பழைய கையையே போட்டுவிடு என்றார். போட்டுக் கொடுத்தேன்.